பீச் பேக்கை பிள்ளையிட்டக் குடுங்கோ, நீங்கள் கடலைப் பாருங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

ஓகஸ்ட் லீவு கிட்ட வர வர உங்கட பேப்பர்ல மட்டுமில்ல, எல்லாப் பேப்பர்லயும் சுற்றுலாப் பக்கம்தான். பாசிக்குடாவில எந்த ஹொட்டல் நல்லம், நிலாவெளியில எங்க நண்டுக்கறி சாப்பிடலாம், காரைநகர் கசூரினா பீச்சுக்கு எந்தப் பாதையால போகலாம் எண்டு எல்லாம் வருது, வாசிக்க ஆசையாத்தான் இருக்கு, பிழை சொல்லேல்ல. ஆனா பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போற ஆக்கள் என்னத்தை எப்பிடி அடுக்கிக்கொண்டு போகோணும் எண்டு ஒருத்தரும் எழுதுறேல்ல. எழுதினாலும் கடைசியில ஒரு வரி, தொப்பி, துவாய், சண் கிறீம் மறக்க வேண்டாம் எண்டு. அதுக்குத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீண்டு போச்சு, வெட்டுறதெண்டா வெட்டுங்கோ, காத்தைப் பற்றி எழுதின பகுதியை மட்டும் விட்டுடுங்கோ.

நான் சொல்ல வாறது இதுதான். குடும்பத்துக்கு ஒரு பெரிய பேக் எண்ட பழக்கத்தை விட்டுட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்ன பீச் பேக் குடுங்கோ, அதை அதுவே அடுக்கட்டும், அதுவே தூக்கட்டும், கடற்கரையில தன்ர சாமானை அதுவே எடுத்து அதுவே வைக்கட்டும். பிள்ளைக்குப் பொறுப்புப் பழக்கிறதுக்கு எண்டு நினைக்காதேங்கோ, அது வந்தா வரட்டும், நான் சொல்லுற காரணம் வேற.

கல்கிசையில ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போய் நிண்டு பாருங்கோ. சிங்களக் குடும்பம், தமிழ்க் குடும்பம், முஸ்லிம் குடும்பம், எல்லாருக்கும் ஒரே கோலம். வீங்கிப்போன ஒரு பேக், அதுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு ஒரு அம்மா. ஒருத்தன் அம்மா பந்து எண்டுறான், மற்றது அம்மா தண்ணி எண்டுது, மூத்தவளுக்குத் தலைமயிர் கட்ட பாண்ட் வேணுமாம், மாமிக்கு விசிறி, இவருக்கு போன் சார்ஜர் (கடற்கரையில என்னத்துக்கெண்டு கடவுளுக்குத்தான் தெரியும்). அம்மா குனிஞ்சு கிண்டுறா, தேவைப்படுற சாமான் எப்பவும் அடியிலதான் கிடக்கும், அவ கிண்டி முடியுமட்டும் அவவின்ர முதுகுதான் கடலைப் பாத்துக்கொண்டு இருக்கு. அந்த முதுகுதான் எனக்குப் பயம்.

ஏனெண்டா தண்ணியில தாழுற பிள்ளை படத்தில வாறமாதிரி கையை ஆட்டிக் கத்தாது. கத்துறதுக்கு மூச்சு வேணும், வாய் தண்ணி மட்டத்துக்கு வந்து வந்து போற பிள்ளைக்கு மூச்சு எடுக்கவே நேரம் காணாது, கையையும் மேல தூக்கேலாது, ரெண்டு கையும் தன்ர பாட்டில தண்ணியைக் கீழ அமத்திக்கொண்டு நிக்கும். கரையில இருந்து பாக்கிறவைக்கு பிள்ளை நிண்டு விளையாடுற மாதிரித்தான் தெரியும், சத்தமே வராது, ஒரு நிமிசத்துக்குள்ள எல்லாம் நடந்து முடிஞ்சிடும். பேக்கின்ர அடியில கிடக்கிற தலைமயிர் பாண்டைத் தேட அதைவிடக் கூட நேரம் எடுக்கும். எங்கட ஆக்களிட்ட இன்னொரு சிக்கல் இருக்கு, சித்தி சித்தப்பா மச்சாள் மாமா எண்டு ஒரு வான் நிறையப் போவம், அவ்வளவு பேர் நிக்கிறபடியாலயே எல்லாரும் மற்றவர் பாக்கினம் எண்டு நினைச்சு ஒருத்தரும் பாக்கிறேல்ல. எங்கட வீட்டில இப்ப முறை வைச்சிருக்கிறம். ஒரு விசில், அதைக் கழுத்தில போட்டிருக்கிறவர்தான் டியூட்டி, கால் மணித்தியாலத்துக்கு ஒராள், போனைத் தொடேலாது, கதைக்கலாம் ஆனா முகம் கடலுக்கு. விசில் கைமாறினாத்தான் டியூட்டி மாறும். இவருக்கு இது பெரிய கரைச்சல், ஆனா பிள்ளையளுக்கு அப்பாவை யூனிபோர்ம் இல்லாத பொலிஸ் ஆக்கிப் பாக்கிறதில ஒரே சந்தோசம்.

சரி பேக். கடையில தொங்குற, காட்டூன் படம் போட்ட, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பேக்கை வாங்காதேங்கோ. வெயிலுக்கு உள்ளுக்க வேகும், மண் அடியில தங்கும், கைபிடி தையல் விடும். ஸ்கூல் பேக்கும் வேண்டாம், உப்புத்தண்ணி பட்டா சிப் துருப்பிடிச்சு அடுத்த தவணைக்குப் புதுசு வாங்கோணும். எனக்கு இதுவரைக்கும் ஒத்துவந்தது வெங்காயம் வாற வலைச் சாக்குத்தான், சிரிக்காதேங்கோ. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில பெரிய வெங்காயம் இறக்குற அந்தச் சிவப்பு வலை, பலசரக்குக் கடைக்காரரிட்டக் கேட்டா சும்மாவே தருவார். நல்லா அலசிக் காயவிட்டு, பிள்ளையின்ர முதுகளவுக்கு வெட்டி, ஓரத்தை மடிச்சுத் தைச்சு, வாயில நாடா கோத்தா முடிஞ்சுது. விளையாடி முடிய பேக்கோட தூக்கிக் கடல் தண்ணியில ஒருக்கா முக்கி உதறினா மண் முழுக்கக் கீழ, வானுக்குள்ள ஒரு பிடி மண்ணும் வராது. அதைவிட முக்கியம், உள்ளுக்க கிடக்கிறது எல்லாம் வெளியால தெரியும், ஆனபடியா ஒருத்தரும் தலையை விட்டுக் கிண்டத் தேவையில்ல.

வடிவில்லையே எண்டு கேப்பியள். அந்த வடிவைத்தான் பிள்ளையளிட்ட விடோணும். போறதுக்கு முதல் கிழமை பின்னேரங்களில எங்கட வீட்டு வேலையே அதுதான், பழைய சீலைக் கரை, சட்டையில கழண்ட பொத்தான், பிறந்தநாளுக்கு வந்த ரிப்பன், கம்பளி நூல் எல்லாத்தையும் கொட்டிவிட்டா தாங்களே கோத்து முடிஞ்சு கட்டுவினம். மகள் தன்ர பேக்குக்கு குஞ்சம் வைச்சவள், மகன் ஒரு சுறா வெட்டி ஒட்டப்போய் அது கடைசியில கத்தரிக்காய் மாதிரி வந்தது, அவன் சுறா எண்டே சொல்லிக்கொண்டு திரியிறான். லீவின்ர சந்தோசத்தில பாதி இந்த அடுக்கிற நாட்களிலதான் இருக்கு, அதை நாங்கள் ராத்திரி பிள்ளையள் படுத்தாப்பிறகு அவசர அவசரமா அடுக்கி, அவையளிட்ட இருந்து பறிச்சுப் போடுறம் எண்டுதான் எனக்குப் படுகுது.

எவ்வளவு வைக்கலாம் எண்டதுக்கு எங்கட வீட்டுச் சட்டம் ஒண்டு. அடுக்கின பேக்கை முதுகில போட்டுக்கொண்டு லேனால நடந்து காலி வீதி பஸ் ஹோல்ட் வரைக்கும் போய்த் திரும்பி வரோணும், வழியில அம்மா பிடியுங்கோ எண்டா அதில இருந்து ஒரு சாமான் வெளிய. எதை எடுக்கிறது எண்டு முடிவெடுக்கிறதும் அவையள்தான். டைனோசர் போகுதா பந்து போகுதா எண்ட வழக்கு ஒரு நாள் முழுக்க நடக்கும், தலையிடாதேங்கோ.

உள்ளுக்க என்ன வைக்கிறது. மண் விளையாட்டுக்கு சிரட்டை மாதிரி ஒண்டு கிடையாது. பெரிசும் சின்னனுமா கொஞ்சம், வெளிப்பக்கம் கண்ணாடித் துண்டால சுரண்டி மினுக்கினது எண்டா கையில தும்பு குத்தாது. ஈர மண்ணை அமத்திக் கவிட்டா கேக், ரெண்டை ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சா தாகபை, மூண்டு வைச்சு சோகியை நட்டா கோபுரம், எங்கட நாட்டுக்கு ஏத்த மாதிரி எல்லாச் சமயமும் ஒரு சிரட்டைக்குள்ள முடிஞ்சிடும். யோகட் கப், மரக் கரண்டி, ஓட்டை விழுந்த வடி. பழைய பிட்டுக் குழல் கிடைச்சா அதிர்ஷ்டம், கோட்டைக்கு நாலு மூலையிலயும் தூண் எழுப்பலாம், எங்கட மாமி தன்ரயைத் தரமாட்டன் எண்டு நிக்கிறா, அது வேற கதை. வாளி ஒண்டு மட்டும் வாங்குங்கோ, அதையும் தடிப்பா, கம்பிப் பிடி வைச்ச வீட்டு வாளியிலயே சின்னதாப் பாத்து. அந்தக் கலர் கலரா வலைக்குள்ள தொங்குற செட் இருக்கே, மண்வெட்டி முதல் நாளே முறியும், முறிஞ்ச துண்டு அலையோட போயிடும். 2021 மே மாசம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிஞ்ச நேரம் நீர்கொழும்புப் பக்கக் கரையெல்லாம் வெள்ளை வெள்ளையா பிளாஸ்டிக் மணி ஒதுங்கினதை நாங்கள் எல்லாரும் டிவியில பாத்துத் தலையில கைவைச்சனாங்கள்தானே, அதே கடலுக்கு நாங்களும் ஒரு மண்வெட்டித் துண்டு போடத் தேவையில்ல. குழி தோண்டுறதில ஒரு கவனம், தோண்டுற பிள்ளையின்ர முழங்காலுக்கு மேல ஆழம் போக விடாதேங்கோ, காய்ஞ்ச மண் சரிஞ்சு விழுந்தா உள்ளுக்க நிக்கிற பிள்ளையை இழுத்தெடுக்கிறது லேசில்ல.

பன்ரெண்டு பதின்மூண்டு வயசு வந்ததுகள் சிரட்டையைத் திரும்பியும் பாக்காதுகள். அவையளுக்கு நீச்சல் கண்ணாடி, ஒரு பூதக்கண்ணாடி, டென்னிஸ் பந்து, ஒரு கட்டு கார்ட்ஸ். மர நிழலுக்குக் கீழ 304 அடிக்கத் தொடங்கினா பெரியாக்களும் வந்து இருப்பினம், காத்துக்குக் கார்ட் பறக்கும், ஆளுக்கு ஒரு கல்லு வைச்சு அமத்தோணும். போனுக்கு பிளாஸ்டிக் உறை ஒண்டு கழுத்தில தொங்கவிடுற மாதிரி விக்கினம், அதை வாங்கினா முதல் ஒரு துண்டு ரிசூவை உள்ளுக்க வைச்சு மூடி வாளித் தண்ணிக்குள்ள அமத்திப் பாத்திட்டுப் பிறகு போனை வையுங்கோ.

இனித்தான் நான் வெட்ட வேண்டாம் எண்டு கேட்ட விசயம். காத்தடைக்கிற ரியூப், முதலை, வாத்து, யூனிகோர்ன். 2021 மார்ச் 31இல இருந்து காத்தடைச்ச விளையாட்டுச் சாமான்களை எங்கட நாட்டில தடை செய்தவை, ஆனா பந்து, பலூன், தண்ணியில மிதக்கிற சாமான்களுக்கு விலக்குக் குடுத்திட்டினம், ஆனபடியா இது இன்னும் கடை கடையாத் தொங்குது, பிள்ளையள் பேக் அடுக்கேக்க முதல் கேக்கிறதும் இதைத்தான். ஹொட்டல் பூலுக்கெண்டா சரி, கடலுக்கு வேண்டவே வேண்டாம், அதுவும் ஓகஸ்டில கிழக்குக் கரையில.

எங்கட ஆக்களுக்கு ஒரு கணக்குத் தெரியும். மே தொடங்கி செப்டெம்பர் மட்டும் தென்மேல் பருவக்காத்து, கொழும்பு, காலி, ஹிக்கடுவைப் பக்கம் கடல் கொந்தளிக்கும், அந்த நேரம் பாசிக்குடா, நிலாவெளி, உப்புவெளி அமைதி. டிசம்பர், ஜனவரியில மாறி வரும், கிழக்கில மழையும் அலையும், தெற்கில குளிக்கலாம். ஆனபடியா ஓகஸ்ட் லீவுக்குக் கிழக்கு, டிசம்பர் லீவுக்குத் தெற்கு. இது சரியான கணக்குத்தான், ஆனா அரைவாசிதான். ஓகஸ்டில கிழக்குக் கடல் ஏன் அமைதி எண்டு யோசிச்சுப் பாருங்கோ. காத்து கரைப் பக்கத்தில இருந்து கடலுக்கு அடிக்குது. மட்டக்களப்பு ஆக்கள் கச்சான் எண்டு சொல்லுற அந்தச் சூட்டுக் காத்து மேற்கில இருந்து தரையால வந்து கடலுக்குள்ள இறங்குது, அதுதான் கரையில அலை எழும்பாமக் கண்ணாடி மாதிரிக் கிடக்கு. அந்தக் கண்ணாடிக்கு மேல ஒரு பிள்ளையை ரியூப்பில வைச்சா என்ன நடக்கும்? முதுகில காத்து, கீழ தடுக்க அலை இல்ல, சத்தமில்லாம வெளிக்கடலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை கத்தினாலும் காத்து அடிக்கிறது எங்கட பக்கத்தில இருந்துதானே, சத்தம் கரைக்கு வராது. பாசிக்குடாவில இடுப்பளவு தண்ணியில கன தூரம் நடக்கலாம் எண்டது உண்மைதான், அந்த உண்மையாலதான் எல்லாரும் கண்ணை எடுக்கினம். ஆழமில்லாத இடத்தில ஏறின பிள்ளை ஆழமில்லாத இடத்திலயே நிக்கும் எண்டு ரியூப் எழுதித் தந்திருக்கோ? அப்பாமார் அதைப் பிடிக்கப் பின்னால நீந்தப் போறது அதைவிட ஆபத்து, காத்து நீந்துறவரை விட வேகமாத் தள்ளும். வாழைச்சேனையில எங்கட இவரின்ர சொந்தக்காரர் கடலுக்குப் போறவர், அவர் கரையில நிண்டு ஒரு பிடி காய்ஞ்ச மண்ணை எடுத்துத் தூவிவிட்டுப் பாப்பார், மண் கடல் பக்கம் பறந்தா இண்டைக்கு மிதக்கிற சாமான் ஒண்டும் இறக்கக்கூடாது எண்டு சொல்லிப்போடுவார், அதுக்கு மேல ஒரு கதையுமில்ல. பின்னேரம் சில நாள் காத்து திரும்பும், அது வேற. பிள்ளையளுக்கு இதையே ஒரு விளையாட்டாக்கலாம், பேக்கில ஒரு முழம் ரிப்பனை ஒரு குச்சியில கட்டி வைச்சுவிடுங்கோ, போய் இறங்கின உடன முதல் வேலை குச்சியை நட்டுக் காத்துப் பாக்கிறது. எங்கட மகன் இப்ப இதைப் பெரிய உத்தியோகம் மாதிரிச் செய்யிறான்.

கையில போடுற காத்துப் பட்டியும் உயிர் காக்கிற சாமான் இல்ல, அது கழண்டும் போகும், காத்தும் போகும். தண்ணி பயமெண்டா சரியான அளவு லைஃப் ஜக்கெட், போட் ஏறினாக் கட்டாயம். தெற்குப் பக்கம் போறவை இன்னொண்டும் சொல்லிக் குடுங்கோ, கரையில ஏறின தண்ணி ஒரு இடத்தால சேந்து திரும்ப உள்ளுக்கு இழுத்துக்கொண்டு ஓடும், அந்த இடத்தில அலை உடையாது, பாக்க மற்ற இடத்தைவிட அமைதியாத் தெரியும், அந்த அமைதியை நம்பி அங்க இறங்கக்கூடாது, அதில மாட்டினா கரைக்கு நேர நீந்தாம கரையோட பக்கவாட்டில போகோணும். சிவப்புக் கொடி எண்டா காலும் நனைக்கிறேல்ல. சிவப்பும் மஞ்சளும் சேந்த கொடி ரெண்டு நட்டிருந்தா அதுக்கு நடுவில குளிக்கலாம்.

உடுப்பு. நீலம், வெள்ளை, சாம்பல் மாதிரி நிறங்களில ஒண்டும் கடலுக்கு வேண்டாம், தண்ணிக்குள்ள போனா அப்பிடியே மறைஞ்சிடும். கடும் செம்மஞ்சள், கண்ணைக் குத்துற ரோஸ், அதுகள்தான் தூரத்தில இருந்தும் தண்ணிக்குக் கீழயும் தெரியும். நீளக் கை வைச்ச நீச்சல் துணி ரீசேட் எண்டா சண் கிறீமும் பாதிதான் செலவாகும். பருத்தி ரீசேட் நனைஞ்சா வெயிலைக் கனக்கத் தடுக்காது.

சண் கிறீம் எண்டதும் எங்கட வீடுகளில ஒரு கதை வரும், பிள்ளை கறுத்துப்போகும், அதுவும் பொம்பிளைப் பிள்ளை எண்டா சொல்லி வேலையில்ல. கறுத்தா என்ன, லீவில வந்த நிறம் கொஞ்சம் கொஞ்சமாப் போகும், போகாட்டியும் ஒண்டுமில்ல. பயப்பட வேண்டியது எரியிறதுக்கு. எங்கட நிறத் தோலும் எரியும், சிவப்பாத் தெரியாது, ராத்திரி சுடுகுது எண்டு பிள்ளை அழேக்கதான் தெரியும். நாங்கள் இருக்கிறது பூமத்திய ரேகைக்குக் கிட்ட, நடு மத்தியான வெயில் ஆரையும் விடாது. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாம, வெளிக்கிட முதல் பூசி, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, தண்ணியால ஏறினாத் திருப்பியும். காது மடல், பிடரி, கால் மேல்பக்கம் மறந்து போற இடங்கள். ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச குழந்தைக்குப் பூசுறேல்ல, நிழலிலதான் வைச்சிருக்கோணும். பிள்ளையளே ஆளை ஆள் முதுகில பூசிவிடட்டும், மூக்கில வெள்ளைக் கோடு போட்டுவிட்டா அதுவே வேசம். காலமை ஆறரையில இருந்து ஒன்பதரை, பின்னேரம் நாலுக்குப் பிறகு, நடுவில கரையில ஒரு வேலையும் இல்ல. நிலாவெளிக்கு முன்னால கடலுக்குள்ள இருக்கிற புறாத்தீவுக்குப் போறவை கிறீம் விசயத்தில இன்னும் கவனமா இருங்கோ, அது 2003இல தேசிய பூங்கா ஆக்கின இடம், முருகைக்கல்லுக்குக் கூடாது எண்டு ஒக்ஸிபென்சோன், ஒக்டினொக்ஸேட் கலந்த கிறீமை ஹவாயில 2021இல இருந்து விக்கிறதையே நிப்பாட்டிப் போட்டினம், சிங்க் ஒக்ஸைட் எண்டு போட்டிருக்கிறதாப் பாத்து வாங்கலாம்.

பெண் பிள்ளையளுக்கு உடுப்பு மாத்துறது பெரிய தொல்லை, பொதுக் கரைகளில அறை இருந்தாலும் கால் வைக்கேலாது. அப்பாவின்ர பழைய சாரம் ஒண்டை எடுத்து மேல் வாயில எலாஸ்டிக் கோத்துவிடுங்கோ. தலையால போட்டுக் கழுத்தில நிக்கவிட்டா உள்ளுக்க நிண்டு ஆறுதலா மாத்தலாம், ஒருத்தரும் சுத்தி நிண்டு துவாய் பிடிக்கத் தேவையில்ல. முடிஞ்சா விரிச்சுப் படுக்கலாம், நிழலுக்குக் கட்டலாம், அரை மணித்தியாலத்தில காயும். மகளுக்கெண்டு தைச்சதை இப்ப மச்சாளும் கடன் கேக்கிறா.

சாப்பாடு சுருக்கமாச் சொல்லுறன். மண் ஒட்டாத, கையில உருகாத சாமான், அவிச்ச கடலை, கிறீம் கிறேக்கர், வெள்ளரிக்காய்த் துண்டு, மிக்சர். சொக்லட் வேண்டாம், காகம் வரும், நாய் வரும், பிறகு அழுகை. தண்ணிப் போத்தல் ஆளுக்கு ஒண்டு, பேர் ஒட்டினது, குடிச்சு முடிக்காட்டி அடுத்த குளிப்பு இல்ல எண்டு சொல்லுங்கோ. வெயில் களைப்புக்கு ரோட்டோர செவ்விளநீர் நல்லம், வயித்தோட்டம் வந்தா மட்டும் ஜீவனி, அந்தத் தண்ணியில கரைச்சுக் குடிக்கிற பவுடர். அந்த மருந்துச் சாமான் எல்லாம் பெரியாக்களின்ர பேக்கில இருக்கட்டும், பிளாஸ்டர், பனடோல், முள்ளு எடுக்கிற சின்னக் குறடு. ஜெலி பிஷ் பட்டா தேய்க்காம, நல்ல தண்ணி ஊத்தாம, கடல் தண்ணியாலயே கழுவிப்போட்டு டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ, மூச்சு முட்டினா 1990க்கு அடியுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும்.

போய்வாற பயணத்துக்கு ஒரு துணிப் பை புறம்பா. உதய தேவி ரெயினில மட்டக்களப்புப் பக்கம் போறவைக்குத் தெரியும் அது எவ்வளவு நீளப் பயணம் எண்டு, அந்த நேரத்துக்குரிய சாமானைக் கடற்கரை பேக்கோட கலந்தா ரெண்டும் கெடும். திரும்பேக்க கால் மண்ணுக்கு ஒரு சின்ன டின் பேபி பவுடர். காயாத காலில தூவி உள்ளங்கையால ஒருக்காத் தடவினா மண் தன்ர பாட்டில கொட்டும், முகத்துக்குக் கிட்ட மட்டும் தூவாதேங்கோ. வான் டிரைவர்மாரின்ர முகம் மாறுறதை அப்ப பாக்கோணும்.

பிள்ளையின்ர பேரைப் பேக்குக்கு வெளியால பெரிசா எழுதாதேங்கோ. தெரியாத ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டா பிள்ளை தெரிஞ்சவர் எண்டு நினைச்சுப் போயிடும். அம்மாவின்ர அப்பாவின்ர போன் நம்பரை மட்டும் உள்பக்க நாடாவில எழுதித் தைச்சு, கை மணிக்கட்டிலயும் பேனையால ஒருக்கா எழுதிவிடுங்கோ. துலைஞ்சா எங்க வந்து நிக்கோணும் எண்டு போன உடனயே ஒரு மரத்தையோ கடையையோ காட்டிவிடுங்கோ.

சோகி சிப்பி பொறுக்கிற ஆசையை நான் தடுக்கிறேல்ல, ஆனா பேக்கில வைச்சு வீட்ட கொண்டுவாறதில்ல எண்டு பேசிக்கொண்டுதான் வெளிக்கிடுவம். சின்ன நண்டுகள் அந்தக் கூட்டைத் தேடித்தான் திரியுது, புறாத்தீவில எண்டா ஒரு முருகைக்கல் துண்டு எடுத்தாலும் சட்டப்படி குற்றம். மண்ணில வட்டமா அடுக்கி ஒரு படம் எடுத்திட்டு விட்டுட்டு வரலாம். பேக்கில மடிச்சு வைச்ச ஒரு வெறும் பை குப்பைக்கு, எங்கட குப்பை மட்டும் போதும், மற்றாக்களின்ர குப்பையையும் பொறுக்கோணும் எண்டு பிள்ளையளின்ர லீவை சிரமதானமா மாத்தாதேங்கோ.

உங்களிட்ட ஒரு வேண்டுகோளும் இருக்கு ஐயா. வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு நாளும் கடற்பரப்புக்கெண்டு முன்னறிவித்தல் விடுது, காத்து எந்தப் பக்கத்தில இருந்து என்ன வேகத்தில, எங்க கடல் கொந்தளிக்கும் எண்டு. அது உங்கட பேப்பர்ல வாற நாளும் இருக்கு, வாற நாள் தங்க விலைக்குக் கீழ ஒரு மூலையில கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில வரும், கடல்தொழிலுக்குப் போறவைக்கு மட்டும் எண்ட மாதிரி. ஸ்கூல் லீவு நாட்களில எண்டாலும் அதைச் சுற்றுலாப் பக்கத்துக்குக் கொண்டுவந்து, அந்த ஹொட்டல் விளம்பரங்களுக்குப் பக்கத்திலயே, பெரிசா, கிழக்குக்கு என்ன, தெற்குக்கு என்ன, வடக்குக்கு என்ன எண்டு சாதாரண தமிழில போடுங்கோ. ஒரு அம்புக்குறி போட்டுக் காத்து கடலுக்கா கரைக்கா எண்டு காட்டினாலே காணும், எங்கட மகனுக்கும் விளங்கும்.

அப்பிடியே வாசகர்களிட்டயும் ஒரு உதவி. ஏழெட்டு வயசு ஆம்பிளைப் பிள்ளைக்கு நீளக் கை வைச்ச நீச்சல் ரீசேட் செம்மஞ்சள் நிறத்தில எங்க எடுக்கலாம் எண்டு ஆருக்காவது தெரிஞ்சா எழுதுங்கோ. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, புறக்கோட்டை எல்லாம் ஏறி இறங்கிப் பாத்திட்டன், எங்க கேட்டாலும் நீலத்தில சுறாப் படம் போட்டதைத்தான் தூக்கிக் காட்டினம், பொம்பிளைப் பிள்ளையளின்ர பக்கம் போய் ரோஸ் எடுத்தா இவன் போடமாட்டானாம். தைச்சுக் குடுக்கிற ஆக்கள் இருந்தாலும் சரி, லீவுக்கு முதல் வேணும்.

இப்படிக்கு,
கொழும்பு 06 இல இருந்து ஒரு வாசகி